கை நனைக்கிற வீடு

இம்மானுவேல் சாருக்கு மூச்சு இழுப்பு வந்தது சாக்பீஸ் தூளால்தானே தவிர நாயால் இல்லை என்று அவர் ஒற்றைக்காலில் நின்று சாதித்தார். முப்பத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கரும்பலகையும் சாக்பீஸுமாகவே வாழ்ந்த மனுஷன். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் தோள்பட்டையிலிருந்து வெளிர் மஞ்சள் முடி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது எந்தக் கம்பெனி சாக்பீஸ் சார்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெர்சிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையிலேயே அது போய்விட்டது. ஈஸ்டருக்குள் நாய் வேறு இடத்துக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் சாரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

போவதற்கென்றே வந்த நாய்தான் அது. அதில் புதுசு ஒன்றும் இல்லை. வீடில்லாத நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிற வாட்ஸ்அப் குழு ஒன்றில் பெர்சியும் இருந்தாள். அடிபட்டது, சொறி பிடித்தது, வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போனது என்று எதெதுவோ அவளுடைய திருநகர் வீட்டுக்கு வரும். தேறும் மட்டும் இருக்கும். பிறகு நல்ல வீடாகப் பார்த்துப் போய்ச் சேரும். ஒவ்வொன்று போகும்போதும் பெர்சி ஒருநாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். மறுநாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவாள். இந்த நாயை அனுப்ப மட்டும் அவளுக்கு மனசே வரவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு நாய்ப் பண்ணையில் குட்டி போடுவதற்கென்றே வைத்திருந்த லாப்ரடார் அது. எட்டு வயசு, ஏழு ஈத்து. கடைசி ஈத்தில் இரண்டே குட்டி, அதிலும் ஒன்று தங்கவில்லை என்றதும் பண்ணைக்காரன் அதைக் கழித்துவிட்டான். "மதரை வந்து தூக்கிட்டுப் போறீகளா, ரோட்டுல விட்ரவா?" என்று குழுவுக்குப் போன் செய்தான். பண்ணையில் தாய்நாய் எல்லாவற்றுக்கும் மதர் என்றுதான் பேராம். தனித்தனியாக யார் பேர் வைத்துக்கொண்டிருப்பார்கள்? பெர்சி கிளார்க்காக இருப்பதோ கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடம். அங்கே தலைமையம்மாவை மதர் என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டிலும் அதே பேரைக் கூப்பிட்டுப் பழகி, ஒருநாள் ஆபீஸில் வாய்தவறி "மதர், சோபாவை விட்டு இறங்கு" என்று வந்துவிட்டால் பிழைப்பு நாறிவிடுமே! இம்மானுவேல் சார்தான் அதன் நிறத்தைப் பார்த்து ரஸ்க் என்று பேர் வைத்தார்.

ரஸ்க்குக்குப் படி ஏறத் தெரியவில்லை. கூண்டுக்குள் படி ஏது? வாசலில் இருந்தது மூன்றே படி. அதன் முன்னால் நின்றுகொண்டு உடம்பெல்லாம் நடுங்கியது. சார் நாலு நாள் வேலைவெட்டியை விட்டுவிட்டு அந்தப் படிகளிலேயே உட்கார்ந்தார். முதல் படியில் ஒரு துண்டு ரஸ்க், இரண்டாம் படியில் ஒரு துண்டு. ஐந்தாம் நாள் காலையில் அது மூன்று படியும் ஏறி உள்ளே வந்து, தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தது. சார் கைதட்டியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

படி பழகிவிட்டது. ஆள் மட்டும் பழகவில்லை. கேட் கொண்டி தூக்கும் சத்தம் கேட்டால் போதும், ரஸ்க் வீட்டுக்குள் பாயும். சாருடைய ஒற்றைக் காலுறை, பழைய டஸ்டர், மூடியில்லாத சோப்பு டப்பா, கூடையிலிருந்து உருண்டு போய் வற்றிப்போன ஒரு உருளைக்கிழங்கு. இவற்றை ஒவ்வொன்றாகப் பல் படாமல் கவ்விக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்து, மேலே வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். வந்தவர் போகும்வரை வெளியே வராது. என்ன கிறுக்கு இது என்றுதான் பெர்சி முதலில் நினைத்தாள்.

"கிறுக்கு இல்ல பெர்சி," என்றார் சார். "அங்க ஆளு வந்தா எதுக்கு வந்திருப்பாங்க? குட்டி வாங்கத்தான வந்திருப்பாங்க?"

பெர்சி அடுப்படிக்குப் போய், குக்கர் மூன்று விசில் விட்டு முடியும்வரை அழுதாள்.

இந்த லட்சணத்தில் நாய் பார்க்க வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? வந்த குடும்பம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு ஜோடிக் கண்ணைப் பார்த்துவிட்டு, "குட்டியா ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்று கிளம்பின. காளவாசலில் செல்போன் கடை வைத்திருந்த மெர்வின் என்கிற பையன் ஒருவன் மட்டும் மூன்று தடவை வந்தான். "ஆன்ட்டி, எங்க வீட்ல இது பிள்ளை மாதிரி இருக்கும் ஆன்ட்டி" என்று உருகினான். பெர்சிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மூன்றாம் தடவை, செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒண்ணு கேக்கலாமா? ஆபரேஷன் பண்ணிட்டீங்களா, இல்ல இன்னும் ஒரு ஈத்து எடுக்கலாமா?" என்றான். பெர்சி, அவன் வண்டியை எடுக்கிற வரைக்கும்கூடக் காத்திராமல் கேட்டைச் சாத்தினாள்.

அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்கு வீடு பார்க்கப் போன இடத்தில் மட்டன் பிரியாணி போட்டார்கள். தாம்பாளம் மாதிரி தட்டு, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். நாயைக் கட்டிப்போட ஒரு சங்கிலி மொட்டை மாடிப் பக்கம் கிடந்ததை பெர்சி பார்க்கத்தான் செய்தாள். தின்ற வாய் எப்படிக் கேட்கும்? கொடுத்துவிட்டு வந்தாள். ஆறு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால், அதே சங்கிலியில் அந்த நாய் கழுத்துப் புண்ணோடு வெயிலில் கிடந்தது. சண்டை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பிடித்தது வைராக்கியம்: மனசுக்குச் சம்மதமாகாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. பெண் கொடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாதவரை மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள் இல்லையா, அந்தக் கணக்குத்தான். இதைச் சொல்லிச் சொல்லிச் சார் கேலி பண்ணுவார். அவள் வீடு பார்க்கப் போன இடத்துக்குப் போன் போட்டால் நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "சாப்பிட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்றால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது முத்திருளன் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்ன, வாராவாரம் லோடு வண்டியில் கத்தரியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வருகிறவர்தான். டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே உள்ளே தள்ளி ஒரு ஊர். சார் படியில் உட்கார்ந்து நாய்க்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த நாலு நாளில் இரண்டு நாளை வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தவர்.

"சார், இதுக்கு எடம் பாக்குறீகளாம்ல. நம்ம வீட்டுக்குத் தாங்களேன்," என்றார், எடைக்கல்லைத் தட்டில் வைத்துக்கொண்டே.

"காவலுக்கா?" என்று பெர்சி வெடுக்கென்று கேட்டாள்.

"இதையா? திருடன் வந்தா இது டார்ச் லைட்டப் பிடிச்சு வழி காட்டுமே டீச்சரம்மா!" அவர் சிரித்தார். "நான் விடியக்காத்தால வண்டிய எடுத்தா அடையத்தான் வீட்டுக்குப் போறேன். பிள்ளைக ரெண்டும் திருப்பூர்ல. அவ ஒத்தையா ஆட்டுக்கிட்டயும் கோழிக்கிட்டயும் பேசிக்கிட்டுத் திரியிறா. இதுவும் ஒண்ணு கெடக்கட்டுமேன்னுதேன்."

"நான் டீச்சர் இல்ல, கிளார்க்கு," என்றாள் பெர்சி, வழக்கம்போல. "நாய வீட்டுக்குள்ள படுக்க விடுவீங்களா?"

முத்திருளன் தலையைச் சொறிந்தார். "அத அவகிட்டத்தேன் கேக்கணும். வந்து பாருங்களேன்."

இரண்டாம் சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. முருங்கைக்காய் எல்லாம் விற்ற வண்டியில், முன் சீட்டில் பெர்சியும் அவள் காலடியில் ரஸ்க்குமாகக் கிளம்பினார்கள். சார் வாசலில் நின்று ஒரு ஒயர் கூடையை நீட்டினார். உள்ளே காலுறை, டஸ்டர், சோப்பு டப்பா, உருளைக்கிழங்கு.

"பாக்கத்தான போறேன். இன்னிக்கே விட்டுட்டு வரப்போறேனா?" என்றாள் பெர்சி.

"இருக்கட்டும். போற எடத்துல ஆளு வந்தா அது என்னத்த வச்சு மறைக்கும்?" என்றார் அவர். சொல்லிவிட்டு இருமல் வந்ததுபோலத் திரும்பிக்கொண்டார். அது இருமல் இல்லை என்பது பெர்சிக்குத் தெரியும்.

திருமங்கலம் தாண்டியதும் வெயில் சுள்ளென்று ஏறியது. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்திச் செடிகள் இலை சிவந்து நின்றன. கடைசி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் இடுப்பில் சேலையை மடி கட்டி, குனிந்த தலை நிமிராமல் வெடித்த காய்களிலிருந்து பஞ்சை உருவி மடியில் திணித்துக்கொண்டு போனார்கள். ரஸ்க் ஜன்னல் வழியே மூக்கை நீட்டி அந்தச் சூட்டுக் காற்றை முகர்ந்துகொண்டே வந்தது. பெர்சி அதன் காதைப் பிடித்துக்கொண்டாள்.

முத்திருளனின் மனைவி அன்னக்கொடி வாசலில் நின்றாள். ஒல்லியான, வெயிலில் காய்ந்த தேகம். முந்தானையில் பருத்திச் சருகு ஒட்டியிருந்தது. சிரித்தாள், ஆனாலும் நாயைக் கொஞ்சவில்லை, குனிந்து தொடவுமில்லை. ஏற இறங்க ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏத்தா, மடி என்ன இம்புட்டுத் தொங்கிப் போய்க் கெடக்கு. எத்தன ஈத்து?" என்றாள்.

"ஏழு."

"சண்டாளப் பாவிக," என்றாள் அன்னக்கொடி. பிறகு, "வெயில்ல வந்திருக்கீக. இந்தாங்க, மோரு குடிங்க."

செம்பு நிறைய மோர். மேலே கறிவேப்பிலை மிதந்தது. பெர்சிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வைராக்கியம் என்றால் வைராக்கியம்தானே! "இப்ப வேண்டாங்க," என்று ஓரமாக வைத்தாள். அன்னக்கொடி அந்தச் செம்பை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

பெர்சி கேள்விகளை ஆரம்பித்தாள். ஆபீஸில் அட்மிஷனுக்கு வருகிற பெற்றோரிடம் கேட்கிற அதே குரல்.

"உங்களுக்கு எதுக்கு நாய்?"

"நானா கேட்டேன்? அவருதான கேட்டாரு."

"அப்ப உங்களுக்கு விருப்பம் இல்லையா?"

"விருப்பம்னு இல்ல, வெறுப்புன்னும் இல்ல. வந்தாப் பாக்கணும். வாயில்லாச் சீவன ஏதோ ஒண்ணுன்னு விட்ர முடியுமா?"

"கட்டிப்போடுவீங்களா?"

"அதெதுக்குக் கட்ட? ஆட்டையே நான் பகல்ல கட்ட மாட்டேன்."

"வீட்டுக்குள்ள படுக்க விடுவீங்களா?"

அன்னக்கொடி கூசாமல் சொன்னாள். "அது வழக்கமில்லயே டீச்சரம்மா. நாயி வாசல்ல கெடக்கும். எங்க ஊர்ல எல்லா நாயும் அப்பிடித்தேன்."

முடிந்தது கதை என்று நினைத்தாள் பெர்சி. எட்டு வருஷம் கூண்டில் சிமெண்டுத் தரையில் கிடந்த உடம்பு. இனிமேல் கடைசி மட்டும் வாசல் மண்ணிலா? மெர்வின்கூட இனிக்க இனிக்கப் பேசினான். இந்தப் பொம்பளைக்கு ஒரு பேச்சுக்காவது, பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வேன் என்று வாயில் வரவில்லையே. ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து வாசம் வந்தது. வறுத்து அரைத்த மிளகும் மல்லியும் தேங்காயும் நாட்டுக்கோழியோடு கொதிக்கிற வாசம்.

"சாப்பாடு ஆயிருச்சு. எந்திரிச்சுக் கையக் கழுவுங்க," என்றாள் அன்னக்கொடி. "முட்ட விட்டுக்கிட்டிருந்த கோழி. வார ஆளுக்குக் கத்தரிக்காயவா வைக்கன்னு அடிச்சிட்டேன்."

பெர்சிக்குத் திக்கென்றது. முட்டைக் கோழி! தப்பிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தில் மளமளவென்று சொன்னாள். "ஐயோ, எங்களுக்கு இது லெந்து காலம்ங்க. ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாள் தபசு. கவுச்சி தொட மாட்டோம்."

அது பொய் இல்லை. சாம்பல் புதனிலிருந்து அந்த வீட்டில் முட்டைகூட உடைக்கவில்லை. ஆனாலும் முழு உண்மையும் இல்லையே. அன்னக்கொடி ஓரமாக இருந்த மோர்ச் செம்பை எடுத்துப் பெர்சியின் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"கோழியில கவுச்சி, சரி. மோருல என்ன கவுச்சி?"

பெர்சி செம்பில் மிதந்த கறிவேப்பிலையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல கை நனைக்க ஒங்களுக்கு ஆகாது. அதச் சொல்ல வேண்டியதுதான? அதுக்குச் சாமிய ஏன் இழுக்குறீக?" அன்னக்கொடியின் குரல் உயரவில்லை. ஆனால் கன்னம் இரண்டும் சிவந்துவிட்டன. "எத்தன பேரப் பாத்திருக்கோம். டவுனு ஆளுக வருவாக, தண்ணி குடுத்தா வேணாம்பாக. எதுக்கு வேணாம்பாகன்னு எங்களுக்குத் தெரியாதா?"

அடப்பாவமே, விஷயம் எங்கே போய் முட்டிக்கொண்டது! பெர்சிக்குக் காது மடல் கொதித்தது. அவளைப் பார்த்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லும்படி நடந்துகொண்டோமே என்று கூசிப்போனது. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. சார்தான்.

"சாப்பிட்டியா?"

"இல்லங்க."

"ம்... சரி." அந்தச் சரியில் வருத்தமா, நிம்மதியா? அவளுக்கே பிடிபடவில்லை. வைத்துவிட்டார்.

பெர்சி உள்ளதை உடைத்துச் சொன்னாள். பிரியாணி தின்ற வீட்டையும், மொட்டை மாடிச் சங்கிலியையும், கழுத்துப் புண்ணையும், ஒன்று விடாமல். "உங்க வீடுன்னு இல்லம்மா, எந்த வீட்லயும் சம்மதம் சொல்ற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். குடிச்சா என் வாய் கட்டிப்போகும். நான் சத்தியமா வேற எதுவும் நினைக்கல."

தூணில் சாய்ந்திருந்த முத்திருளன் கையைத் தட்டினார். "இம்புட்டுத்தானா! ஏ, கொடி, புரியுதா? அவுக பொண்ணு வீட்டுக்காரவுக. பேச்சு முடியாம மாப்ள வீட்டுல கை நனைக்க மாட்டாக."

அன்னக்கொடியின் முகம் மெதுவாகத் தளர்ந்தது. "அப்பன்னா அத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அநியாயமா ஒரு முட்டக் கோழி போச்சே," என்றாள். கோபமும் சிரிப்பும் கலந்து வந்தது.

அதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது. முத்திருளன் வீட்டில் வெள்ளைக்கார நாய் வந்திருக்கிறதாம். பருத்திக் காட்டிலிருந்து சாப்பாட்டுக்குத் திரும்பிய பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு இருளாயி முன்னால் வந்து, "பிள்ள பெத்தவ மாதிரில்ல இருக்கு! குட்டி எங்கடி?" என்று கெக்கலி கொட்டினாள்.

இத்தனை ஆளைப் பார்த்ததும் ரஸ்க்குக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. ஒயர் கூடைக்குள் தலையை விட்டு டஸ்டரைக் கவ்வி வீட்டுக்குள் ஓடியது. திரும்பி வந்து காலுறையைக் கவ்வியது. பிறகு சோப்பு டப்பா. உருளைக்கிழங்கை எடுக்க வருவதற்குள் இருளாயி அதைக் கையில் எடுத்துவிட்டாள். "இது என்னடி, நாயி கெழங்கு திங்கிது?" என்று உயரத் தூக்கிப் பிடித்தாள். ரஸ்க் குரைக்கவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு மாதிரி முனகியது.

"அது அதோட குட்டிங்க," என்றாள் பெர்சி. "ஆள் வந்தா குட்டியத் தூக்கிட்டுப் போயிருவாகன்னு ஒளிச்சு வைக்கும்."

வாசலில் சத்தம் நின்றது. அன்னக்கொடி விறுவிறுவென்று வந்தாள். "குடுடி அத!" என்று இருளாயி கையிலிருந்து கிழங்கைப் பிடுங்கி, குனிந்து, ரஸ்க்கின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அது கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது. "போங்கடி, போய்க் கஞ்சியக் குடிங்க. என்ன வேடிக்க வேண்டிக் கெடக்கு," என்று எல்லாரையும் விரட்டினாள்.

உள்ளே போய்ப் பார்த்தால் பெர்சிக்கு ஈரக்குலையே ஆடிவிட்டது. நடுவீட்டை அடுத்த அறையில் இடுப்பு உயரத்துக்குப் பருத்தி அம்பாரம். இத்தனை நாள் வெயிலில் குனிந்து எடுத்த வெள்ளைப் பஞ்சு. திங்கட்கிழமை எடை போட வியாபாரி வருவதாக முத்திருளன் வண்டியிலேயே சொல்லியிருந்தார். அந்த அம்பாரத்தின் உச்சியில், கரிசல் மண் ஒட்டிய நாலு காலோடு, நாலு குட்டியையும் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு ரஸ்க் படுத்திருந்தது.

"ரஸ்க்! கீழே இறங்கு! ஐயோ, முடியெல்லாம் ஒட்டுமே!" பெர்சி கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அன்னக்கொடி. "இழுத்தா வராது. பயந்துதேன் கெடக்கு."

அவள் கொல்லைப் பக்கம் போய் ஒரு பழைய சாக்கைக் கொண்டு வந்தாள். மழையில் நனைந்து கறை விழுந்த பருத்தி மூலையில் தனியாகக் கிடந்தது. அதை இரண்டு கையாலும் அள்ளிச் சாக்கில் திணித்து, சுவரோரம் போட்டு, மேலே தட்டித் தட்டி நடுவில் ஒரு குழி செய்தாள். பிறகு அம்பாரத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். மெதுவாகக் கையை நீட்டி டஸ்டரை எடுத்தாள். ரஸ்க்கின் உடம்பு விறைத்தது. அன்னக்கொடி டஸ்டரை அதன் மூக்கருகே கொண்டுபோய் ஒருதரம் மோந்து பார்க்க விட்டாள். அது பார்க்கப் பார்க்கவே, கையைத் தாழ்த்தி, மறைக்காமல் கொண்டுபோய்ச் சாக்குக் குழியில் வைத்தாள். திரும்பி வந்தாள். அடுத்தது காலுறை. அதையும் மூக்கில் காட்டினாள். அதையும் கொண்டுபோய் வைத்தாள்.

"ஆட்டுக்குட்டிய எடம் மாத்துறதுன்னா இப்பிடித்தேன்," என்றாள், பெர்சியைத் திரும்பிப் பார்க்காமலே. "தாயிகிட்டக் காட்டிக்கிட்டே நடக்கணும். மறைச்சுத் தூக்குனமுன்னா, அதுக்கப்பறம் நம்ம கையவே நம்பாது. இதுகிட்ட ஒருத்தனும் காட்டித் தூக்கல போலருக்கு. இந்தா, ஆத்தா, பாத்துக்க, இது ஒன்னோடதுதேன். எங்கயும் போகல."

சோப்பு டப்பா போனது. கடைசியாக உருளைக்கிழங்கு. அதைக் குழியின் நடுவில் வைத்துவிட்டு அன்னக்கொடி கையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். ரஸ்க் எழுந்து நின்றது. சாக்கைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பஞ்சு சரியச் சரிய இறங்கி வந்து, குழிக்குள் மூக்கை விட்டு ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. நாலும் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து, தலையை நீட்டி அன்னக்கொடியின் கால் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டது.

வெளி ஆள் முன்னால் அது அப்படித் தலை சாய்த்துப் பெர்சி பார்த்ததே இல்லை.

"இந்த ரூம்ல..." என்று தடுமாறினாள். "இது வீட்டுக்குள்ளதான?"

"பெறகு வெளியவா இருக்கு?" அன்னக்கொடி அம்பாரத்திலிருந்து நாய் முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கியிருந்தாள். "பருத்தி இருக்கிற மட்டும் நான் இங்கதேன் படுக்கேன். தொணைக்குக் கெடக்கட்டும்."

"திங்கக்கெழம பருத்தி போயிருமே. அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் இந்தப் படுக்கைய எங்க தூக்கிப் போட? குட்டியும் தாயுமா இருக்கிறத நடுவுல கலைக்கச் சொல்றீகளா? நல்லா இருக்கே ஒங்க ஞாயம்! அது பாட்டுக்குக் கெடக்கும்." ஒரு முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "வழக்கம்தான, மாத்திக்கிட்டாப் போச்சு."

பெர்சி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கை கழுவத் தண்ணி தாங்க."

அன்னக்கொடி முடி பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிதான். புரிந்துவிட்டது. முகமெல்லாம் விரிந்தது. கால் மேல் நாய்த் தலை இருந்ததால் எழுந்திருக்க முடியாமல் அங்கிருந்தே வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! எலையப் போடுங்க! பொண்ணு வீட்டுக்காரவுக கை நனைக்கிறாகளாம்!" பிறகு பெர்சியிடம், தணிந்த குரலில், "ரசம் இருக்கு சம்மந்தி. மோரும் இருக்கு. ஒங்க தபசு கெட வேணாம்."

"ரசம் கெடக்கட்டும்," என்றாள் பெர்சி. "முட்டக் கோழிய அடிச்சிருக்கீங்க. அதையே போடுங்க. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இரண்டாவது தடவை சோறு விழுந்தபோது போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"கெளம்பிட்டியா? மணி மூணாகப் போகுது," என்றார் சார். கொஞ்சம் நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேங்க."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற ஓசை மட்டும் கேட்டது. திறந்த கதவு வழியாகப் பெர்சி பருத்தி அறையைப் பார்த்தாள். ரஸ்க் வாயைத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தது.

"என்ன குழம்பு?" என்றார் சார், ரொம்ப நேரம் கழித்து.

"கோழி."

"லெந்து நாளாச்சே பெர்சி!"

"தெரியும்ங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் சொன்னார்.

"அப்ப நல்ல எடந்தான். மிச்சம் வைக்காமச் சாப்பிட்டு வா."